சாக்கில் படுத்திருந்த செவலை நாய்

2023 ஜூன் 14, புதன்கிழமை. விடியும் முன் எழுந்து வாசல் விளக்கை அணைத்தேன். குளித்தேன். மனைவி கொண்டுவந்த சொம்புத் தண்ணீரை அவள் கண் முன்னாலேயே குடித்து முடித்தேன். அவள் சொம்பைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். சாவியை எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தேன்.

அருப்புக்கோட்டையில் எனக்குச் சாக்குக் கடை. காலை வேலை என்பது பிரிப்பதுதான். மிளகாய் வற்றல் சாக்கு ஒரு பக்கம், மல்லிச் சாக்கு ஒரு பக்கம், பருத்திக்கொட்டைச் சாக்கு ஒரு பக்கம். கிழிந்தவை தையலுக்கு. தைத்தும் பயனில்லாதவை மூலைக்கு. வற்றல் சாக்கை மற்றதோடு சேர்த்து வைத்தால் அடுத்து வாங்குகிறவர் வீட்டில் எல்லோரும் தும்முவார்கள். அதனால் இந்த ஒரு வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை. பிரித்து முடித்ததும் டீ வரும். சில நாட்களாக டீயோடு கைபேசியில் ஒரு படமும் வந்துகொண்டிருந்தது.

படத்தில் ஒரு செவலை நாய் நிற்கும். இடது காதில் ஒரு கிழிசல். திருச்சுழிக்கு அப்பால், நரிக்குடி போகிற வழியில் இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து அந்தப் படம் என் அக்கா மகனுக்கு வரும். அவன் எனக்கு அனுப்புவான். நாய் நாலு காலில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டீயை வாயில் வைப்பேன். அது என்னைக் கடித்த நாய். கடித்து அன்றைக்குப் பத்தாம் நாள்.

டீ வந்தது. படம் வரவில்லை.

ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கிராமத்துக்கு நாங்கள் பெண் பார்க்கப் போனோம். நான், அக்கா, அக்காவின் மகன், மூன்று பேர். மச்சான் காலமான பிறகு அந்த வீட்டுக்காகப் பேசுகிற வேலை என்னுடையது. பையன் ஒரு நூல் மில் அலுவலகத்தில் இருக்கிறான். பெண் திருச்சுழியில் ஒரு உரக்கடையில் கணக்குப் பார்க்கிறாள். பெண்ணின் அப்பா மல்லியும் வற்றலும் வாங்கி விற்கிறவர். கேசரி, மிக்சர், காப்பி எல்லாம் முறைப்படி வந்தன. பையன் தரையைப் பார்த்தான். பெண் காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது.

கேசரி நெய் கையில் ஒட்டியிருந்ததால் கழுவுவதற்குப் பின்வாசல் குழாயடிக்குப் போனேன். அங்கே முருங்கை மரத்தடியில் ஒரு சணல் சாக்கு விரித்திருந்தது. நல்ல கெட்டி நெசவு. அந்த மாதிரிச் சாக்கு இப்போது கடைக்கு வருவதில்லை. அதன் மேல் ஒரு நாய் படுத்திருந்தது. நாயை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சாக்கைத்தான் முதலில் பார்த்தேன். குனிந்து, அதன் ஓரத்தை விரலால் உருட்டி இழையைப் பார்க்க இழுத்தேன்.

நாய் குரைக்கவில்லை. நேராக மணிக்கட்டுக்கு மேலே கவ்வியது, விட்டது, மறுபடியும் சாக்கில் படுத்துக்கொண்டது.

நல்ல காரியம் பேச வந்த இடத்தில் ரத்தம் என்றால் அக்கா எழுந்து செருப்பைத் தேடுவாள். எனக்கு அதுதான் முதலில் தோன்றியது. முழுக்கைச் சட்டையை இறக்கிப் பொத்தானைப் போட்டேன். திரும்பினால் அடுப்படி வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள்.

"கையக் காட்டுங்க" என்றாள்.

"ஒன்னும் இல்ல தாயி. நகம் பட்டிருச்சு."

"நகம் பட்டா சட்டை செவக்குமா?"

குழாயைத் திறந்துவிட்டாள். துணி துவைக்கிற சோப்பை எடுத்துக் கையில் கொடுத்தாள். "நல்லா நொரை வர்ற மாதிரி தேய்ங்க. தண்ணி ஓடிக்கிட்டே இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு, "போதும் தாயி" என்றேன்.

"போதாது. கால் மணி நேரம் கழுவணும். நிறுத்தாதீங்க."

"உள்ள சொல்லிராத தாயி. நல்ல காரியம் பேச வந்த எடம். நான் ஊருக்குப் போயி நைசா ஊசி போட்டுக்கிருதேன்."

அவள் ஈரக் கையைப் பட்டுப்புடவையின் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எங்கள் பக்கம் பெண் பார்க்கிற இடத்தில் பெண் தானாக வாயைத் திறப்பதில்லை. கேட்டால் பதில் சொல்வாள், அதுவும் பாதி காற்றாக. அன்றைக்கு அவள் கூடத்தின் நடுவில் நின்று சொன்னது குழாயடி வரைக்கும் கேட்டது.

"அப்பா, நம்ம நாயி இவுகளக் கடிச்சிருச்சு. ஊசி போட இப்பவே கூட்டிட்டுப் போகணும்."

நான் நுரைக் கையோடு உள்ளே போனபோது அக்காவின் உள்ளங்கையில் மிக்சர் அப்படியே இருந்தது. பெண்ணின் அப்பா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "பூனை மாதிரி நாயி அண்ணாச்சி. இத்தன வருசத்துல ஒருத்தரையும் கடிச்சதில்ல."

அக்கா என்னைத்தான் பார்த்தாள். "ஏலே, நாயிகிட்ட உனக்கு என்னலே வேலை?"

"சாக்கப் பாத்தேன்க்கா."

"பொண்ணு பாக்க வந்த எடத்துல சாக்கு பாத்திருக்கான்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பையன் அப்போதுதான் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான். பெண்ணும் அவனும் ஒரே நேரத்தில் சிரித்ததை நான் பார்த்தேன். கையில் அவ்வளவு எரிச்சலிலும் அதைக் குறித்துக்கொண்டேன்.

அன்று மாலையே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். கடிவாயைச் சுற்றிச் சில ஊசி, தோள்களில் ஊசி. என்ன தொழில் என்று செவிலியர் கேட்டதற்குச் சாக்குக் கடை என்று சொல்லியிருந்தேன். கடைசியில், "தையல் போட வேண்டாமாம்மா?" என்று கேட்டேன்.

"நாய்க்கடியத் தைக்கக் கூடாதுண்ணே. கட்டும் கிடையாது. இது சாக்கு இல்ல."

"பத்தியம்?"

"ஒன்னும் கிடையாது. என்ன வேணா சாப்பிடுங்க. ஆனா ஊசிக்குச் சொன்ன தேதியில வந்துரணும். கடிச்ச நாயக் கட்டி வச்சுப் பத்து நாளு பாக்கச் சொல்லுங்க. அடிச்சு கிடிச்சுப் போட்டுறப் போறாக. அது நல்லா இருந்தா உங்களுக்கும் நிம்மதி. அதுக்காக ஊசிய விட்டுறாதீங்க."

"அந்த நர்சு சின்னப் புள்ள, அவளுக்கு என்ன தெரியும்?" என்றாள் அக்கா, வெளியே வந்ததும். மருத்துவமனைக்கு ஒரு சட்டம் இருந்தால் அக்காவுக்கு ஒரு சட்டம் இருந்தது. கறி கூடாது. மீன் கூடாது. கருவாடு வாசனைகூட ஆகாது. முட்டை, கத்தரிக்காய் தள்ளுபடி. கிணற்றை எட்டிப் பார்க்கக் கூடாது. என் மனைவியிடம் இதையெல்லாம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

மூன்றாவது சட்டம் எங்கள் தெருவுடையது. நாய் கடித்தவன் தண்ணீரைக் கண்டு பயந்தால் விஷம் ஏறிவிட்டது என்று பொருள். அதனால் கடைக்கு வருகிறவர் எல்லாம் எனக்குத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு சாக்கு வாங்க வந்தவர் முதலில் செம்பை நீட்டுவார். "ஒரு வாய் குடிங்க அண்ணாச்சி, பாப்போம்." குடித்தால், "அப்ப சரி, வெலையச் சொல்லுங்க" என்பார். பாலவனத்தத்திலிருந்து வாரம் ஒருமுறை வரும் ஒரு வற்றல் வியாபாரி, முதல் வாய் நடிப்பாக இருக்கலாம் என்று இரண்டாவது செம்பும் குடிக்க வைத்தார். அந்த நாட்களில் நான் குடித்த அளவுக்குத் தண்ணீரை எந்தக் கோடையிலும் குடித்ததில்லை. கடையில் இருந்ததைவிடக் கடைக்குப் பின்னால் போய்வந்த நேரம் அதிகம்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா முதல் நாளே சொன்ன ஒரு சொல் சிரிப்பாக இல்லை.

"பத்து நாளு நாயி நல்லா இருக்கட்டும். பெறகு வெத்தலை மாத்துவோம்."

"நாயி செத்துப்போச்சுன்னா?"

"பொண்ணு தங்கமான பொண்ணுதேன். ஆனா தாய்மாமன் உயிருக்கு உலை வச்சுட்டு வந்தவன்னு ஊரு பேசும்ல. அந்தப் பேரோட ஒரு புள்ள எப்பிடிலே குடும்பம் நடத்தும்?"

ஊசி என்னைக் காப்பாற்றும் என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணைக் காப்பாற்ற ஊசி கிடையாது. சபையில் உண்மையைச் சொன்ன பெண்ணின் வாழ்க்கையை, சாக்கில் படுத்திருந்த ஒரு நாயின் உடம்பில் கொண்டுபோய்க் கட்டிவிட்டோம். நான் அந்தச் சாக்கை இழுக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே பேசி முடித்திருப்போம்.

மருத்துவமனையிலிருந்து வந்ததும் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டு, நாயைக் கட்டி வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கி, "ஆகட்டும் அண்ணாச்சி" என்றார். தினமும் காலையில் நாயைப் படம் பிடித்து அனுப்பச் சொல்வது என்று முடிவாயிற்று. அதற்காக அந்தப் பெண்ணின் எண் பையனுக்குக் கொடுக்கப்பட்டது. அக்காவே கொடுத்தாள். "நாயப் பத்தி மட்டும் பேசு" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

முதல் நாள் படம் எனக்கு ஏழு மணிக்கு வந்தது. இரண்டாம் நாள் ஏழரை. நான்காம் நாள் எட்டரை ஆகிவிட்டது. "ஏம்ப்பா இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். "நாயப் பத்தித்தான் மாமா வெவரமாக் கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றான். ஒரு நாயைப் பற்றி ஒன்றரை மணி நேரம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

ஆனால் வேறு ஒன்றைக் கவனித்தேன். சாக்கில் ஒரு தையல் மாறியிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. படத்தில் மட்டும் தப்புமா? முதல் படத்தில் நாய்க்குப் பின்னால் வரிசையாகப் பனைமரம். இரண்டு நாள் கழித்துக் கண்மாய்க் கரையும் கருவேல மரங்களும். அப்புறம் ஒரு கரட்டுக் காடு. பிறகு பார்த்தால் நாய்க்குப் பின்னால் சோலார் தகடுகள். நாய் அதே நாய்தான், காதுக் கிழிசல் இருந்தது. ஆனால் வீட்டில் கட்டியிருப்பதாகச் சொன்ன நாய் ஒரு படத்திலும் வீட்டில் இல்லை. முருங்கை மரம் இல்லை, குழாய் இல்லை, சாக்கு இல்லை.

டீக்கடையில் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டுவைத்தேன். "வெறி புடிச்ச நாயி ஒரு எடத்துல தங்காது அண்ணாச்சி, ஓடிக்கிட்டே இருக்கும்" என்றார் டீக்கடைக்காரர். சொல்லிவிட்டு எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார்.

அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். பத்தாம் நாள் படமும் வரவில்லை என்றதும் கடையில் இருக்க முடியவில்லை. பையனுக்குப் போன் போட்டேன். "எனக்கும் வரல மாமா. அவ போனும் கெடைக்கல" என்றான். அவன் குரல் நாய்க்காக மட்டும் பதறவில்லை. பாதிக் கதவைச் சாத்திவிட்டுத் திருச்சுழி பஸ் ஏறினேன்.

பெண்ணின் அப்பா வாசலில் நின்றிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க அண்ணாச்சி, வாங்க" என்று உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கிற வரைக்கும் அவரும் என் தொண்டையையே பார்த்தார்.

"நாயி எங்க அண்ணாச்சி?" என்றேன்.

அவர் முருங்கை மரத்தைப் பார்த்தார். மரத்தடி வெறுமையாக இருந்தது.

"மன்னிக்கணும். அன்னைக்கு நீங்க கெளம்புன ஒடனே, சம்பந்தம் பேச வந்தவுகளக் கடிச்ச நாயி இந்த வாசல்ல நிக்கக் கூடாதுன்னு, நம்ம காட்டுல ஆட்டுக்கெடை போட்டிருந்தவர்ட்ட பிடிச்சுக் குடுத்துட்டேன். சாக்கையும் எரிச்சுட்டேன். அப்புறந்தேன் நீங்க போன் போட்டு, கட்டி வச்சுப் பாருங்கன்னீக. குடுத்துட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

கோடையில் வெறும் நிலத்தில் உரத்துக்காக ஆட்டு மந்தையை மடக்கிப் போடுவதுதான் கிடை. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு காடு மாறிக்கொண்டே இருக்கும். கிடையோடு நாயும் மாறியிருக்கிறது. பனைமரமும் கண்மாயும் சோலார் தகடும் எனக்கு விளங்கின.

"அப்ப படம்?"

"எம் மகதான். தெனமும் விடியுமுன்ன ஸ்கூட்டியெடுத்துக்கிட்டு, கெடை எங்க கெடக்குன்னு தேடிப் போயி, நாயிக்குச் சோறு வச்சு, படம் எடுத்து அனுப்பிட்டுத்தேன் வேலைக்குப் போகுது. இன்னைக்குக் கெடை வெகுதூரம் மாறிருச்சு போல, தேடிப் போன புள்ள இன்னும் திரும்பல. வீட்டுக்கே கொண்டாந்துருவோம்பான்னுச்சு. நாந்தேன் பயந்துட்டேன். கொண்டாந்த பெறகு இங்க வச்சு ஏதாச்சும் ஆச்சுன்னா, எம் புள்ளைக்கு ராசியில்லைன்னு ஆயிருமே."

மரியாதைக்காக நான் கடியை மறைக்கப் பார்த்தேன். மரியாதைக்காக அவர் நாயையே மறைத்துவிட்டார். நடுவில் அந்தப் பெண் ஒருத்திதான் சோற்றுத் தூக்கோடு காடுகாடாய் அலைந்திருக்கிறாள்.

அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். மூன்று காட்டில் விசாரித்தோம். கடைசியில் ஒரு கண்மாய்க்குக் கீழே, பள்ளத்தில், கிடை தெரிந்தது. அந்தப் பெண் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று, வானத்துக்கு ஆரத்தி எடுப்பது போலக் கைபேசியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பள்ளத்தில் டவர் இல்லை. செவலை நாய் சங்கிலியில் நின்றபடி அலுமினியத் தட்டில் தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்தது. தின்று முடித்துப் பக்கத்துச் சட்டியில் தண்ணீரை நக்கி நக்கிக் குடித்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சத்தத்தைக் கேட்டதில்லை.

கிடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவுகளத்தான் கடிச்சுச்சா? நல்லாத்தான இருக்காக. நாயிக்கு ஒன்னும் ஆகல, அந்த மனுசனுக்கு என்ன ஆச்சோன்னு நாங்கல்ல இங்க கவலப்பட்டுக்கிட்டிருந்தோம்."

பெண் கல்லிலிருந்து இறங்கி வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள்.

"பொய் சொல்லணும்னு இல்ல பெரியப்பா. நாயி எங்க இருக்குன்னு நீங்க கேக்கல. நல்லாயிருக்கான்னுதான் கேட்டீக."

போன தடவை அவள் என்னை முறை வைத்து அழைக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் பெண்ணுக்குப் பெரியப்பா முறை; இந்தத் தடவை பெரியப்பா என்று சொன்னது அவளுக்கே தெரிந்ததோ என்னவோ. நான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கண்மாய்க் கரை மேல் ஏறி நின்று அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, நாயப் பாத்துட்டேன். திடமா நிக்கிது."

"உன் கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"தண்ணி குடிக்கிதா?"

"சட்டியக் காலி பண்ணிருச்சு."

"நீ குடிச்சியா?"

"நானும் குடிச்சேன்."

"அப்ப வர்ற ஆனியிலயே வெத்தலை மாத்திருவோம். போனை அந்தப் புள்ளைட்டக் குடு."

என்ன பேசினார்கள் என்று எனக்கு முழுதாகக் கேட்கவில்லை. "சரி அத்தை... சரி அத்தை..." என்றாள். பிறகு, "அது எங்கப்பா தொரத்துன நாயி அத்தை. நான் வந்தா அதும் வரும்" என்றாள். அப்புறம் அக்காவின் குரல் எனக்கே கேட்டது: "வரட்டும். ஊசி போட்டுக்கிட்டு வரட்டும். உங்க பெரியப்பனும் போட்டுட்டான்ல, அதும் போடட்டும்." பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அன்றைக்கே கிடைக்காரரிடம் சொல்லிவிட்டு நாயைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றினோம். நான் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டில் இறக்கியதும் அது நேராக முருங்கை மரத்தடிக்குப் போனது. நின்று மோந்தது. இரண்டு சுற்று சுற்றியது. சாக்கு இல்லை. வெறும் மண்ணில் படுத்து, தாடையைத் தரையில் வைத்து என்னைப் பார்த்தது. அதற்கு என் மேல் ஒரு வழக்கு இருந்தது, நியாயமான வழக்கு.

இருட்டுமுன் ஊர் திரும்பினேன். அக்கா வீட்டிலிருந்து தூக்கில் மீன்குழம்பு வந்திருந்தது. கடைசி ஊசி ஜூலையில் பாக்கி இருக்கிறது. காலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன். பையனிடமிருந்து அன்றைய படம் தூங்கப் போகும் நேரத்தில் வந்தது. அதில் நாய் இல்லை, அந்தப் பெண் மட்டும் இருந்தாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கடையைத் திறந்து, எதையும் பிரிப்பதற்கு முன், மேல் அடுக்கிலிருந்து ஒரு சணல் சாக்கை எடுத்தேன். கெட்டி நெசவு, ஓட்டை இல்லை, வற்றல் படாதது. ஓரத்தை விரலால் உருட்டிப் பார்த்தேன். நாலாக மடித்து, கயிறு கட்டி, திருச்சுழி போகிற முதல் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தேன்.

"யாருக்கு அண்ணாச்சி?" என்றார்.

"சம்பந்தி வீட்டுக்கு" என்றேன்.